நகைக்கடனில் 100 தேன் பெட்டிகள் வாங்கலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் உள்ளது. அப்பா 40 பெட்டிகளில் தேனீ வளர்த்தார். 1992இல் நோய் வந்து எல்லாம் அழிந்தபின் விட்டுவிட்டார். வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்பிய நான் அதை மீண்டும் தொடங்க விரும்புகிறேன். தேனீக் கூட்டத்துடன் ஒரு பெட்டி 2,500 ரூபாய் என்கிறார்கள்; கூட்டம் மட்டும் என்றால் 1,200. சேமிப்பு 60,000 ரூபாய் இருக்கிறது. மனைவியின் நகைமேல் 9.5 சதவீத வட்டிக்கு 2.5 லட்சம் வாங்கி 100 பெட்டிகள் வைக்கலாமா? வியாபாரி கிலோவுக்கு 150 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அப்பாவின் பழைய பெட்டிகள் 14 பரணில் கிடக்கின்றன.

பதில்: தொடங்குங்கள், ஆனால் நகையைத் தொட வேண்டாம்.

உங்கள் பகுதியில் தேன் வரவு ஏறக்குறைய ரப்பரை மட்டுமே நம்பியது. இலையுதிர்ந்து, ஜனவரி இறுதியிலிருந்து தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசிகிறது. ரப்பர் தேன் என்பது பெரும்பாலும் அதுதான், பூவிலிருந்து வருவதன்று. ஏப்ரலுக்குள் வரவு ஓய்ந்துவிடும். அதன்பின் மழைக்காலம் முழுவதும் சர்க்கரைப் பாகு ஊற்றித்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். பெட்டிக்கு 5 கிலோ சர்க்கரை, கிலோ 45 ரூபாய் என்று கொண்டால், 100 பெட்டிகளுக்கு அதுவே 22,500 ரூபாய்.

நல்ல ஆண்டில் ஒரு பெட்டி 10 கிலோவுக்கு மேலும் தரும் என்றாலும், பல ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்புகிறவர் 8 கிலோ என்று கணக்கிடுவதே சரி. அப்படியானால் 800 கிலோவுக்கு 1,20,000 ரூபாய் வரும். சர்க்கரைச் செலவையும் ஓராண்டு வட்டியான 23,750 ரூபாயையும் கழித்தால், கூலியைச் சேர்க்காமலே, கையில் நிற்பது 73,750 ரூபாய். நகைக்கடனுக்குப் பொதுவாக ஓராண்டுதான் தவணை என்பதால், அசலில் 1,76,250 ரூபாய் குறைகிற நிலையில் நகையை மீட்க வழியிருக்காது. தளிர்க் காலத்தில் மழை பெய்தால் இந்த வரவும் வெகுவாகக் குறையலாம்.

நோயையும் மறக்கக் கூடாது. தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக் புரூட்’ (Thai sacbrood) வைரஸ் 1991, 1992 ஆண்டுகளில் உங்கள் குமரி மாவட்டத்தின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. காலியான பெட்டிகளை அடுப்பெரிக்க உடைத்த வீடுகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த வைரஸ் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, அதற்கு நேரடி மருந்தும் இல்லை. கடன் இல்லாதவர் தப்பிய கூட்டங்களைக் கொண்டு மறுபடி எழ முடியும்.

தேனீயில் முதலீட்டைப் பெருக்கக் கடன் தேவையில்லை என்பதே இத்தொழிலின் தனிச் சிறப்பு. வலுவான கூட்டத்தை, அக்டோபருக்குப்பின் அது வளரும் காலத்தில், இரண்டாகப் பிரிக்கலாம். ஆகவே பரணில் உள்ள பெட்டிகளை இறக்கி, உளுத்தவற்றைத் தள்ளி, பழைய தேனடைகளையும் மெழுகு அந்துப்பூச்சியின் கூடுகளையும் முழுவதும் சுரண்டியெடுத்து, கழுவிப் பல நாள் வெயிலில் காய வையுங்கள். தேறும் பத்துப் பெட்டிகளுக்குக் கூட்டம் மட்டும் வாங்க 12,000 ரூபாய் ஆகும். நோயில் தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பிரித்துத் தருபவரிடம், புழு அறைகளை உங்கள் கண்ணால் பார்த்தபின் வாங்குங்கள். புழுக்கள் நீர் கோத்த பைபோல் செத்துக் கிடந்தால் விட்டுவிடுங்கள். தேன் எடுக்கும் இயந்திரத்தை முதல் ஆண்டு இரவல் வாங்கிக்கொள்ளலாம். சேமிப்பில் மொத்தம் 25,000 ரூபாய்க்கு மேல் இதில் இறக்க வேண்டாம். மீதி வீட்டுச் செலவுக்கான காப்பு.

வருமானம் கூடுவது பெட்டியின் எண்ணிக்கையால் மட்டுமன்று. ரப்பர் தேனில் நீர்ப்பதம் அதிகம். அவசரப்பட்டு எடுத்தால் புளித்து, விலை இறங்கும். அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடியபின் எடுத்த தேனை, தெரிந்த வீடுகளுக்கு நேரடியாக விற்றுப் பாருங்கள். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். உங்கள் மாவட்டத்தின் மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டைப் புட்டியில் இடுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும்.

தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உதவி கிடைக்கலாம். தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், ஆனால் மானியம் கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேன் வருமானம் வரிச் சட்டத்தில் வேளாண் வருமானம் ஆகாது, தொழில் வருமானமே. ரப்பர் வரவோடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுங்கள். பெட்டிவாரியாக ஊற்றிய பாகு, எடுத்த தேன், பிரித்த தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். ஏப்ரல் முடிந்ததும் அந்தக் கணக்கை எனக்கு எழுதியனுப்புங்கள். எத்தனை பெட்டிகளுக்குப் போகலாம் என்பதை அதை வைத்தே பார்ப்போம்.