வீட்டு பிளானை யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது?

கேள்வி: திருச்சிக்குப் பக்கத்தில் 30க்கு 50 மனை, கிழக்கு பார்த்தது. கீழே ஹால், கிச்சன், அப்பா அம்மாவுக்கு ஒரு பெட்ரூம், மாடிப்படிக்குக் கீழே ஒரு பாத்ரூம். மேலே இரண்டு பெட்ரூம். இன்ஜினியர் கொடுத்த பிளானை வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்பில் போட்டேன். மாமா வாஸ்து சொல்லி வாசலை மாற்றி, பெரிய படுக்கையறையைத் தென்மேற்கு மூலையில் போடச் சொல்கிறார், மச்சான் ஹால் பெரிதாக வேண்டும் என்கிறார், நண்பர் ஓப்பன் கிச்சன்தான் ஃபேஷன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேருமே உங்கள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை, அவரவர் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மச்சான் வீட்டு ஹாலில் பத்து பேர் உட்கார முடியாது போலிருக்கிறது. அந்தக் குறையை உங்கள் பிளானில் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. ‘பிளான் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். சமைப்பவரிடம், “குக்கரை இறக்கி எங்கே வைப்பாய், அரிசி மூட்டை எங்கே, கிரைண்டர் எங்கே?” என்று கேளுங்கள். அம்மாவிடம், “ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எத்தனை கதவு திறக்கணும்?” என்று கேளுங்கள். கையில் பென்சில் கொடுத்து, நடக்கிற வழியைக் கோடாகப் போடச் சொல்லுங்கள். துணி காயப்போடும் இடம், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, ஏசியின் வெளி யூனிட், செருப்பு இதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிளானில் இவற்றுக்கு யாரும் இடம் போடுவதில்லை.

இனி நீங்கள் அனுப்பிய பிளான். முதலில் அப்பா அம்மா அறை. 10க்கு 10 என்று போட்டிருக்கிறது. அது சுவருக்கு உள்பக்க அளவுதானா என்று இன்ஜினியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள் அளவுதான் என்றே வைத்துக்கொள்வோம். குயின் சைஸ் கட்டில் 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடி மிச்சம். அங்கே 2 அடி ஆழத்துக்கு அலமாரி வந்தால் நடக்க ஒன்றரை அடிதான். அலமாரிக் கதவைத் திறந்தால் நிற்கவே இடமில்லை. நாளைக்கு ஒருவர் வாக்கர் வைத்து நடக்க வேண்டி வந்தால் அந்த வழி உதவாது. அறை 10க்கு 12 ஆக வேண்டும். ஹாலை 20 அடி நீளத்துக்குப் போட்டிருக்கிறார்களே, அதில் 2 அடியை எடுங்கள். மச்சான் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது மாடிப்படி. பிளானிலேயே பெரிய தப்பு இதுதான். 6க்கு 8 கட்டத்துக்குள் இரண்டு மடிப்புப் படி வரைந்திருக்கிறார்கள். தரைக்குத் தரை 10 அடி, அதாவது 120 அங்குலம். 18 படியாகப் பிரித்தால் ஒரு படி உயரம் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அது சரி. ஆனால் மடிப்புக்கு 9 ஏற்றம் என்றால் கால் வைக்கும் படிகள் 8, ஒன்பதாவது ஏற்றம் லேண்டிங்கில், அதாவது படி திரும்பும் நடுமேடையில், போய் முடியும். 8 அடி நீளத்தில் லேண்டிங்குக்கு 3 அடி போனால் மிச்சம் 60 அங்குலம். எட்டால் வகுத்தால் ஒரு படிக்கு ஏழரை அங்குலம்! இறங்கும்போது முக்கால் பாதம்தான் பதியும். படிக்கு 10 அங்குலம் வேண்டுமென்றால் லேண்டிங்கோடு சேர்த்து ஒன்பதே முக்கால் அடி நீளம் தேவை. ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க 3 அடி தனி.

அந்தப் படிக்குக் கீழே பாத்ரூம் வேறு. லேண்டிங் 5 அடி உயரத்தில் வரும், அதில் கான்கிரீட் கனம் போக உள்ளே நாலரை அடிக்குச் சற்று மேலேதான் இருக்கும். யாராவது தலையில் இடித்துக்கொள்வது நிச்சயம். தரையை இறக்கிக் கட்டலாம் என்று கொத்தனார் சொல்வார். அப்புறம் கழிவுநீருக்கு வாட்டம் கிடைக்காது. அந்த இடத்தை இன்வெர்ட்டருக்கும் துடைப்பத்துக்கும் விட்டுவிட்டு, பாத்ரூமை பெரியவர்கள் அறையோடு சேர்த்துப் போடுங்கள். கதவு இரண்டரை அடிக்குக் குறையாமல், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள். உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது.

வாஸ்துவுக்காக மாமாவோடு சண்டை போடாதீர்கள். கன்னி மூலையில்தான் பெரிய படுக்கையறை என்கிறார், சரி. தென்மேற்கு மூலை என்பதால் மேற்கு வெயில் சாயங்காலம் முழுக்க அந்தச் சுவரில்தான் அடிக்கும். அலமாரியை மேற்குச் சுவரில் கொடுத்து, ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். மாமாவுக்கும் திருப்தி, ராத்திரி ஓரளவு தூக்கமும் வரும். ஓப்பன் கிச்சன், தினம் தாளிக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

குடும்பத்தை விட்டால், பிளானைக் கட்டாயம் காட்ட வேண்டிய ஆள் பிளம்பர். சில வருஷம் முன் நானே போட்ட ஒரு பிளானை அரை நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு பிளம்பர், “சார், மேல் பாத்ரூம் பைப் எங்கே இறங்குது?” என்றார். நேராக ஹால் நடுவில் இறங்கியது. அதிலிருந்து மேல் பாத்ரூமைக் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலேயே வைத்துவிடுகிறேன். சம்ப்பும் செப்டிக் டேங்கும் எதிரெதிர் மூலையில் இருக்கின்றனவா, மழைநீர்க் குழிக்கு இடம் விட்டிருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அனுமதிக்குப் போக வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது), 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. உங்கள் மனை 1500 சதுர அடிதான். வசதிதான், ஆனால் சுற்றி விட வேண்டிய இடம் விதிப்படி இருக்கிறதா என்ற பொறுப்பு உங்கள் தலையிலும் இன்ஜினியர் தலையிலும் விழுகிறது. பேங்க் லோனும் அந்த பிளானை வைத்துத்தான். பிளானை ஆன்லைனில் ஏற்றிய பிறகு சுவரை நகர்த்தாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மனைக்குப் போய், திருத்திய பிளானைச் சுண்ணாம்புப் பொடியில் முழு அளவுக்குக் கோடு போடுங்கள். கட்டில் அளவுக்குப் பழைய பாயை விரியுங்கள். அம்மாவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வெட்டவெளியில் எல்லா அறையும் புறாக்கூண்டு மாதிரி சிறிதாகத்தான் தெரியும். அதைப் பார்த்து அங்கேயே அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். இப்போது குடியிருக்கும் வீட்டின் அறைகளை முதல் நாளே டேப் பிடித்து எழுதி எடுத்துப் போங்கள், அதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.