புறாக்கூண்டில் ஓதமும் பூஞ்சணமும் வராமல் தடுப்பது எப்படி?

நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிச் சாரலை முற்றிலும் தடுத்த பிறகும் பலகைகளில் பூஞ்சணம் படர்கிறது, விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டுகிறது, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தார்ப்பாயைத் தளர்த்துங்கள் என்பதுதான் என் பதில். கூரை ஒழுகாத கூண்டில் சேரும் ஈரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. புறாக்களின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் இரவு முழுவதும் எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு, நீராக மாறிச் சொட்டுகிறது.

மழையில்லாத ஓர் இரவுக்குப் பின், பொழுது விடியும்போது தகரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் இது விளங்கிவிடும். ஒழுகல் என்றால் மழை பெய்தபின் ஆணித் துளையை ஒட்டியோ, தகரங்கள் சேரும் இடத்திலோ மட்டும் ஈரம் இருக்கும். உள்ளே தேங்கிய நீராவி என்றால் தகரம் முழுவதும் பொடிப்பொடியாக முத்து அரும்பியிருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்று தெரிந்துகொள்ளாமல் செலவு செய்ய வேண்டாம்.

வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே ஏறும் இயல்புடையது. ஆகவே கூரையை ஒட்டி, கூண்டின் உயரமான பகுதியில், நீளவாக்கில் ஒரு திறப்பும், எதிர்ப்பக்கம் தரைக்குச் சற்று மேலே காற்று நுழைய இன்னொரு திறப்பும் வேண்டும். இரண்டுக்கும் எலி நுழையாத கம்பிவலை அடித்து, கூரையைச் சாரல் எட்டாத அளவுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். புறாக்கள் இரவில் அமரும் உயரத்தில் மட்டும் நேர்க்காற்று வீசக்கூடாது. புறாக்களை வெளியே விட்டிருக்கும் நேரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கீழ்த் திறப்பருகே பிடித்துப் பாருங்கள்; புகை தயங்காமல் ஏறி மேல் திறப்பு வழியாக வெளியேறினால் அமைப்பு சரி, நடுவில் சுழன்று நின்றால் மேல் திறப்பு போதவில்லை. தகரத்துக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு ஒரு பலகைத் தளம் அடித்துவிட்டால், குளிர்ந்த தகரத்தை ஈரக்காற்று நேரடியாகத் தொடுவது பெரிதும் குறையும்.

எத்தனை திறப்பு வைத்தாலும் நெரிசலான கூண்டு காயாது. ஒரு கன மீட்டருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று புறாக்கள் என்ற அளவை நான் மீறுவதில்லை. குஞ்சுகள் பெருகும் பருவத்தில் இதைக் கடைப்பிடிக்க மனம் ஒப்பாது என்றாலும், கடைப்பிடித்தே ஆக வேண்டும். கூண்டின் தரை, மண்ணிலிருந்து 30 செ.மீ. அளவாவது உயர்ந்து, அடியில் காற்று ஓடும்படி இருக்கட்டும். குளிக்கும் தொட்டியை வெளியே வையுங்கள். குடிநீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒரு கம்பித்தட்டு இருந்தால், சிந்தும் நீர் எச்சத்தோடு கலக்காது.

சுத்தம் என்ற பெயரில் ஈர நாட்களில் கூண்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். எச்சத்தில் வெளியேறும் காக்சிடியா என்ற குடல் நோய்க் கிருமியின் முட்டைகள் நோயுண்டாக்கும் நிலைக்கு முதிர்வதற்கு ஈரமும் வெப்பமும் தேவை. கழுவிக் காயாத தரை அவற்றுக்கு அதையே தருகிறது. தினமும் சுரண்டியால் உலர்வாகச் சுரண்டி அள்ளுவதே போதும். அப்போது முகக்கவசம் அவசியம் அணியுங்கள், ஏனெனில் எச்சமும் இறகுத் தூளும் கலந்த தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் சிலருக்கு, புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே அறியப்படும் ஒவ்வாமை அழற்சி வருகிறது.

பூஞ்சணத்தை நான் இவ்வளவு பொருட்படுத்துவதற்குக் காரணம் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சண வகை. அதன் வித்துகள் மூச்சோடு சென்று நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் வளர்ந்துவிட்டால் புறா வாய் திறந்து மூச்சு வாங்கி, நாளுக்கு நாள் மெலியும். அந்நிலையில் சிகிச்சை நெடியது, பலனும் நிச்சயமில்லை. ஈரமான கூட்டு வைக்கோலிலும் தானியத்திலும் அது எளிதாக வளர்வதால், முட்டைச் சட்டியில் இடும் வைக்கோலை ஈரம் கண்டவுடன் மாற்றுங்கள். பூத்துப்போன மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்துப் போடவே கூடாது. பூஞ்சணம் உதிர்ந்தாலும் அதன் நஞ்சு தானியத்திலேயே தங்கிவிடும்.

இப்போது பலகையில் உள்ள பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வித்துகள் கூண்டெங்கும் பறக்கும். புறாக்களை வேறிடம் மாற்றி, எச்சம் முழுவதையும் அகற்றிய பிறகு, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நீர்த்த பிளீச்சிங் கரைசல் பூசி, நன்றாகக் காய்ந்து வாடை போனபின் திரும்ப விடுங்கள். எச்சத்தின் மேல் நேரடியாகப் பிளீச்சிங் ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ஊறி உப்பிய ஒட்டுப்பலகைகளில் பூஞ்சணம் உள்வரை இறங்கியிருக்கும். அவற்றின் மேல் வண்ணம் பூசி மறைக்காமல் கழற்றிவிட்டுப் புதியது அடியுங்கள்.