பைபாஸ் தேதி தள்ளிப்போனால், நிறுத்திய மாத்திரையை என்ன செய்வது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘அப்பாவுக்கு வயது 64. ஒன்றரை மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோ செய்ததில் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பதாகவும், ஸ்டென்ட் வைக்க முடியாது, பைபாஸ்தான் வழி என்றும் சொல்லிவிட்டார்கள். இரவில் எக்கோஸ்பிரின் கோல்ட் என்ற ஒரே கேப்ஸ்யூலைப் போடுகிறார். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பிருந்து குளோபிடோக்ரல் வேண்டாம் என்றார்கள். மருந்துக் கடைக்காரர் கேப்ஸ்யூலையே நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தினால் மறுபடியும் அட்டாக் வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இதற்கிடையே காப்பீட்டு அனுமதி வராததால் தேதி ஒருமுறை தள்ளிப்போய்விட்டது. யார் பேச்சைக் கேட்பது?’

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் தந்தை விழுங்கும் அந்த ஒரே கேப்ஸ்யூலுக்குள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் என மூன்று மருந்துகள் இருக்கின்றன. இவற்றுள் நிறுத்த வேண்டியது குளோபிடோக்ரல் ஒன்றை மட்டுமே. ஆஸ்பிரின் 75 மில்லிகிராமும் கொழுப்பு மாத்திரையும் பொதுவாக அறுவை சிகிச்சை நாள் வரை தொடர வேண்டியவை. ஆகவே, கேப்ஸ்யூலை நிறுத்தும் அன்றே மற்ற இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ‘குளோபிடோக்ரலை நிறுத்துங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டு, அது எந்த அட்டையில் ஒளிந்திருக்கிறது என்பதை வீட்டாரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது எங்கள் துறையின் பழைய குறை; அதற்கு நோயாளியின் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஐந்து நாள் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் ‘இரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை’ என்று சொன்னாலும் இவற்றால் இரத்தம் தண்ணீராவதில்லை. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பைப் போடும் தட்டணுக்களின் ஒட்டும் குணத்தைத்தான் இவை கெடுக்கின்றன. குளோபிடோக்ரல் பட்ட தட்டணு தன் ஆயுள் முடியும் வரை தேறுவதில்லை. அதன் ஆயுள் 7 முதல் 10 நாட்கள் என்பதால், ஐந்து நாட்களில் ஏறக்குறைய பாதி தட்டணுக்கள் மருந்து படாத புதியவையாக வந்துசேரும். இரத்தக் கசிவை அடக்க அது போதும். வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்றால், கடைசிக் குளோபிடோக்ரல் அதற்கு முந்தைய சனிக்கிழமை. ஞாயிறு முதல் வியாழன் வரை மருந்தில்லாத ஐந்து நாட்கள். குளோபிடோக்ரலுக்குப் பதிலாக இதே வேலையைச் செய்யும் டிகாக்ரெலார் சாப்பிடுவோருக்குக் குறைந்தது மூன்று நாட்கள், பிராசுக்ரெலுக்கு ஏழு நாட்கள்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதை அறுவை சிகிச்சை முடிந்த இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்தால்தான் தெரியும். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் வழியே பாட்டிலில் இறங்கும் இரத்தத்தைச் செவிலியர் மணிக்கொருமுறை அளந்து எழுதுவார். எண்கள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாவிட்டால் சில வேளைகளில் தைத்த நெஞ்சை அதே இரவில் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஒரு கிலோ எடைக்கு 300 யூனிட் என்ற கணக்கில் ஹெப்பாரின் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து அதை முறித்துவிடலாம். குளோபிடோக்ரலை முறிக்க அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை.

அண்ணன் சொல்லும் அச்சமும் பொய்யல்ல. மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆன ஒருவருக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து நிறுத்துவதும், ஐந்து நாளுக்குப் பதிலாக இருபது நாள் நிறுத்துவதும் ஆபத்தானவை. நான் பெரிதும் கவலைப்படுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். திங்கட்கிழமை மாத்திரை நிறுத்தப்படுகிறது. வியாழக்கிழமை மாலை, காப்பீட்டு அனுமதி வரவில்லை, படுக்கை இல்லை, அவசர நோயாளி ஒருவர் முன்னே வந்துவிட்டார் என ஏதோ ஒரு காரணத்தால் தேதி தள்ளிப்போகிறது. அடுத்த தேதியைச் சொல்ல ஆள் இருக்கிறார். நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்குவதா வேண்டாமா என்று சொல்லத்தான் ஆள் இல்லை; அது எழுத்தரின் வேலையும் இல்லை, காப்பீட்டு மேசையில் இருப்பவரின் வேலையும் இல்லை, வார்டு மருத்துவர் பட்டியலிலும் இல்லை. மூன்று முறை தேதி மாறி, 19 நாட்கள் ஒரு மாத்திரையும் இல்லாமல் வீட்டில் காத்திருந்த விவசாயி ஒருவர், நான்காவது தேதிக்கு முந்தைய இரவு இரண்டாவது மாரடைப்போடு எங்களிடம் வந்தார். அவர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் இயக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் மகன் ஒரு தவறும் செய்யவில்லை. சொன்னபடி நிறுத்தினார், சொன்னபடி காத்திருந்தார்.

எனவே, தேதி உறுதியாகும் வரை நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால், அனுமதி வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். ‘அநேகமாக அடுத்த வாரம்’ என்பது தேதி ஆகாது. கடைசி மாத்திரை எந்தக் கிழமை, எந்த நாள் என்பதை அறுவை சிகிச்சைக் குழுவிடமிருந்து தமிழில் எழுதி வாங்குங்கள். தேதி மாறினால், ‘மாத்திரை நிறுத்தி இத்தனை நாள் ஆகிறது, மீண்டும் தொடங்கலாமா?’ என்று அன்றே கேளுங்கள்; நீங்களாகத் தொடங்கிவிடவும் வேண்டாம். நிறுத்திய நாட்களில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை வந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் தந்தைக்கு ஸ்டென்ட் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு இருக்கும். புதிதாக வைத்த ஸ்டென்ட் இரத்த ஓட்டத்தின் நடுவே நிற்கும் வெற்று உலோகம். குழாயின் உட்தோல் வளர்ந்து அதை மூடும் வரை அதன்மேல் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முதல் மாதத்தில் அந்த ஆபத்து மிக அதிகம். இவர்கள் வீட்டிலிருந்தபடி ஐந்து நாள் கணக்கைப் பின்பற்றவே கூடாது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியாவிட்டால் மருத்துவமனையில் சேர்த்து, டிரோஃபிபான் போன்று சில மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும் மருந்தை நரம்பு வழியே ஏற்றிக்கொண்டு, மாத்திரையை நிறுத்துவோம். ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையில் தேதியும் எண்ணிக்கையும் இருக்கும். அந்த அட்டை வீட்டுப் பீரோவில் இருப்பதால் பயனில்லை, கையோடு கொண்டுவாருங்கள். செயற்கை வால்வுக்காக அசிட்ரோம் என்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவோரின் கணக்கும் முற்றிலும் வேறு.

மருந்துக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளிகள் கொண்டுவரும் மஞ்சள் பையைக் கவிழ்த்தால், கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள்தான் விழுகின்றன. ஒன்றில் ‘கோல்ட்’ என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் பெயரே இராது. எக்கோஸ்பிரின் என்றால் ஆஸ்பிரின் மட்டும், எக்கோஸ்பிரின் ஏவி என்றால் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும், கோல்ட் என்றால் மூன்றும். முன்பெயர் ஒன்றாக இருப்பதால் கடையில் ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிடுகிறது. முழு அட்டையாக வாங்கி, பின்பக்கம் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கலந்து தரும் ‘செட்’ மாத்திரையைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இருக்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளும் தட்டணுவைத்தான் தாக்குகின்றன.

மருத்துவமனை வாசலில் ஒருவர் உங்களிடம் வரக்கூடும். ‘இரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிட்டவரா? பத்து யூனிட்டாவது வேண்டும், ஆள் நான் தருகிறேன்’ என்பார். பணத்துக்கு இரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தடுத்து, 1998 ஜனவரி முதல் அது சட்டவிரோதம். எத்தனை யூனிட் தேவை என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அதைத் தர வேண்டியது இரத்த வங்கி. உறவினர்கள் இருவர் மூவர் முன்கூட்டியே வந்து கொடுத்துவிட்டால் இந்த ஆட்களிடம் சிக்க வேண்டியதில்லை. பயந்துபோன குடும்பத்தின் பயத்தை விற்றுப் பிழைக்கும் இவர்களை வாசலிலேயே நிற்கவிடும் நிர்வாகங்கள் மீது எனக்கு ஆறாத கோபம் உண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஆஸ்பிரின் வழக்கமாக ஒரு நாளுக்குள் தொடங்கப்படும். குளோபிடோக்ரல் எப்போது என்பதைக் கசிவைப் பார்த்து முடிவு செய்வார்கள். வீடு திரும்பும்போது புதிய மாத்திரைகள் தருவார்கள். அன்றே, வீட்டில் மீதமிருக்கும் பழைய கோல்ட் அட்டையை எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். புதியதையும் பழையதையும் சேர்த்து விழுங்கி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து மலம் கருத்துப்போய்த் திரும்பி வருவோரை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.