‘நெவர் ஹேவ் ஐ சீன்’: ‘ஹேவ்’ ஏன் ‘ஐ’க்கு முன்னால் வருகிறது?

‘நெவர் ஐ ஹேவ் சீன்’ என்று எழுதினால் ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி போன்ற எதிர்மறைச் சாயல் கொண்ட சொல்லை அழுத்தத்துக்காக வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால், துணைவினை (இங்கே ‘ஹேவ்’) எழுவாயைத் (இங்கே ‘ஐ’) தாண்டி முன்னே வந்தாக வேண்டும். கேள்வி வாக்கியத்தின் அமைப்பேதான், கேள்விக்குறி மட்டும் கிடையாது. துணைவினையே இல்லையென்றால் டூ, டஸ், டிட் வந்து சேரும். ‘ஹி ரேர்லி ஸ்பீக்ஸ்’ என்பது ‘ரேர்லி டஸ் ஹி ஸ்பீக்’ ஆகும். ஸ்பீக்ஸின் கடைசி ‘எஸ்’ காணாமல் போனதைக் கவனியுங்கள். அந்த வேலையை டஸ் எடுத்துக்கொண்டது.

பலர் தடுமாறுவது ‘ஒன்லி’யில். ‘ஒன்லி வென் ஹி லெஃப்ட் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’, அதாவது அவன் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ‘வென் ஹி லெஃப்ட்’ அப்படியே நிற்கிறது. இடமாற்றம் முதன்மை வாக்கியத்தில் மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. ‘அட் நோ டைம் டிட் ஹி ஹெல்ப்’ என்றால் அவன் எப்போதுமே உதவவில்லை. ‘இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட்’ என்றால் சட்டென்று முடித்துவிட்டான். இரண்டிலும் ‘நோ’ இருக்கிறது. ஆனால் இரண்டாவதில் வேலை நடந்துவிட்டது, வாக்கியம் எதையும் மறுக்கவில்லை. அதனால் வரிசை மாறவில்லை. சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள்.

‘ஹியர் கம்ஸ் த பஸ்’ வேறு வகை. அதில் முதன்மை வினையே முன்னால் வரும். எழுவாய் பிரதிப்பெயரானால் மட்டும் ‘ஹியர் ஹி கம்ஸ்’ என்று பழைய வரிசைதான்.

கட்டுரையிலும் மேடைப்பேச்சிலும் இந்த அமைப்பு எடுப்பாக இருக்கும். நண்பர்களிடம் சாதாரணமாகப் பேசும்போது ‘ஐ ஹேவ் நெவர் சீன்’ போதும்.