செய்மதிகளைச் சுட்டு விழுத்தும் நாடுகள்: வன்னியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: நாடுகள் ஏன் செய்மதிகளைச் சுட்டு விழுத்துகின்றன? அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? எங்களைப் போன்ற சனத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதுவரை எந்த நாடும் ஏவுகணை அனுப்பி இன்னொரு நாட்டின் செய்மதியை உடைத்ததில்லை. அமெரிக்கா, சீனா, இந்தியா, ரஷ்யா என்று இந்த நான்கு நாடுகளும் ஏவுகணையால் உடைத்தது தங்கள் தங்கள் செய்மதிகளைத்தான். எங்கள் ஊரில் ஒருத்தரை நேரே ஏசாமல், அவர் காதில் விழுகிற மாதிரி வேறு யாரையாவது ஏசுவார்களே, அந்தச் சாடைப் பேச்சுத்தான் இது. என்ன, கொஞ்சம் செலவான சாடைப் பேச்சு.

ஆகவே "ஏன்" என்ற கேள்விக்கு விடை தேடுவதென்றால், எதை உடைத்தார்கள் என்பதைவிட எப்போது உடைத்தார்கள், யார் காதில் விழ உடைத்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

1985 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் எப்-15 போர் விமானம் ஒன்று மூக்கை உயர்த்தி மேலேறி ஏவுகணையை விட்டது. அது 555 கிலோமீற்றர் உயரத்தில் இருந்த சொல்விண்ட் என்ற செய்மதியை உடைத்தது. சொல்விண்ட் பழசுதான், ஆனால் சூரியனைப் பற்றிய தரவுகளை அப்போதும் அனுப்பிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் கோபப்பட்டார்கள். சோவியத் ஒன்றியம் 1960களிலிருந்தே வேட்டைச் செய்மதிகளை, அதாவது இன்னொரு செய்மதியை நெருங்கி உடைப்பவற்றை, பரிசோதித்து வந்ததால், மாஸ்கோவுக்கு ஒரு பதில் தேவை என்று றேகன் அரசு நினைத்தது. விஞ்ஞானிகளின் கோபம் அங்கே எடுபடவில்லை. அப்புறம் அமெரிக்கக் காங்கிரசே அந்தப் பரிசோதனைகளுக்குத் தடை போட்டது.

2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைச் செய்மதி பெங்யுன்-1சியை 865 கிலோமீற்றர் உயரத்தில் உடைத்தது. முன்கூட்டி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைத்த பிறகும் 12 நாள் வாய் திறக்கவில்லை. 2006 இல் புஷ் அரசு வெளியிட்ட விண்வெளிக் கொள்கை, அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும் புதிய உடன்படிக்கை எதற்கும் இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. சீனாவின் அடி அதற்குப் பிறகு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா யூஎஸ்ஏ-193 என்ற பழுதான உளவுச் செய்மதியைப் போர்க்கப்பலிலிருந்து அடித்தது. அதில் இருக்கும் ஹைட்ரசீன் எரிபொருள் பூமியில் விழுந்தால் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். ஹைட்ரசீன் நச்சுப்பொருள் என்பது உண்மை. ஆனால் எத்தனையோ செய்மதிகள் எரிபொருளோடு விழுந்திருக்கின்றன, அவற்றை யாரும் சுடவில்லை. சீனாவின் பரிசோதனை நடந்து 13 மாதம்தான் ஆகியிருந்தது.

2019 மார்ச் 27 அன்று இந்தியா செய்த மிஷன் சக்தியை இங்கே பலரும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மோடியே நேரில் வந்து அறிவித்தார். பொதுத்தேர்தலின் முதல் கட்ட வாக்களிப்புக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தேர்தல் நடத்தை விதி மீறலா என்று ஆணையம் ஆராய்ந்து, மீறல் இல்லை என்றது. தேர்தல் கணக்கு இருந்திருக்கும். ஆனாலும் முழுக் காரணம் அதுவல்ல. அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் மட்டும் அணுவாயுத நாடுகளாக அங்கீகரிக்கப்பட்டன. 1974 இல் வெடித்த இந்தியா வெளியே நிற்க வேண்டியதாயிற்று. செய்மதி விடயத்திலும் நாளைக்கு ஒரு தடை வரும், அது வருமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம் டெல்லியில் பல காலமாகவே இருந்தது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு விளங்குகிறது.

கடைசியாக 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா, 1982 இல் ஏவப்பட்ட கொஸ்மோஸ் 1408ஐ சுமார் 480 கிலோமீற்றர் உயரத்தில் உடைத்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் 1500க்கும் மேற்பட்ட துண்டுகள் பறந்தன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேர் தங்கள் விண்கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரஷ்யர்கள். மூன்று மாதம் கழித்து உக்ரைன் போர் தொடங்கியது.

இதில் உயரத்தைக் கவனியுங்கள். 280 கிலோமீற்றர் அளவில் உடைத்தால் மெல்லிய காற்றின் உராய்வில் பெரும்பாலான துண்டுகள் சில வாரங்களில், மாதங்களில் எரிந்து விழுந்துவிடும். இந்தியா அந்த உயரத்தைத் தேர்ந்தது அதனால்தான். இருந்தும் சில துண்டுகள் விண்வெளி நிலையத்தைவிட மேலே எறியப்பட்டன, அன்றைய நாசா தலைவர் அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். 865 கிலோமீற்றரில் உடைத்தால் கதை வேறு. சீனாவின் 3000க்கும் மேற்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி இன்னும் அங்கேதான் சுற்றுகிறது, இன்னும் பல பத்தாண்டுகள் சுற்றும். மணிக்கு ஏறக்குறைய 27,000 கிலோமீற்றர் வேகம். அந்த வேகத்தில் ஒரு சிறிய உலோகத் துண்டு பட்டாலும் செய்மதி அவ்வளவுதான்.

சட்டம் என்று பார்த்தால், 1967 விண்வெளி உடன்படிக்கை அணுவாயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுக்கிறது. தரையிலிருந்து சாதாரண ஏவுகணையால் செய்மதியை அடிப்பதைப் பற்றி அது பேசவில்லை. மற்ற நாட்டின் வேலைக்குத் தீங்கு வருமென்றால் முன்பே கலந்து பேச வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. மேலே சொன்ன எந்தப் பரிசோதனைக்கும் யாரும் அப்படிக் கலந்து பேசவில்லை.

புதுச் சட்டம் ஏன் வரவில்லை? ஒவ்வொருவரும் மற்றவன் கையில் இருப்பதைத் தடைசெய்யும் வரைவோடுதான் மேசைக்கு வருகிறார்கள். ரஷ்யாவும் சீனாவும் 2008 இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை வரைவை வைத்தன. விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாது என்கிறது அது, ஆனால் தரையிலிருந்து சுடும் ஏவுகணையை வைத்திருப்பதையும் பரிசோதிப்பதையும் தொடவில்லை. சீனா அதை ஏற்கனவே செய்து காட்டிவிட்டது, அதனால்தான் தொடவில்லை என்று நினைக்கிறேன். அமெரிக்கா 2022 ஏப்ரலில், ஏவுகணையை நேரே மேலே அனுப்பிச் செய்மதியை உடைக்கும் பரிசோதனையை இனிச் செய்யமாட்டோம் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்புத்தான், 1985 இலும் 2008 இலும் செய்து முடித்த பிறகு வந்த அறிவிப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அதே கருத்தில் ஒரு தீர்மானம் வந்தபோது 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன. எதிர்த்தவற்றில் ரஷ்யாவும் சீனாவும் அடக்கம். இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நுழைய வேண்டிய இடத்துக்குள் நுழைந்த பிறகும் கதவைச் சாத்த உதவவில்லை என்பதுதான் இந்தியாமேல் எனக்குள்ள குறை.

சரி, எங்களைப் போன்ற சனத்துக்கு என்ன?

முல்லைத்தீவுக் கரையில் படகுகளுக்கு ஜீபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் திருத்துவது என் தொழில். செய்தியில் இப்படி ஏதும் வந்தால் கடைக்கு வரும் தொழிலாளிகள் கேட்பது, "தம்பி, அவங்கள் அதைச் சுட்டா எங்கட பொயின்ற் எல்லாம் போயிடுமே?" என்றுதான். வலை விட்ட இடம், கடலடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கும் இடம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது, பயம் நியாயம். ஆனால் ஜீபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் யாரும் எதையும் உடைத்துக் காட்டியதில்லை. சிக்னலைக் குழப்புவதுதான் அங்கே மலிவான வழி, பல போர்முனைகளில் அது அன்றாடம் நடக்கிறது. 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கு வரும் ஜீபிஎஸ் சிக்னலை அமெரிக்காவே வேண்டுமென்று பிசகாகத்தான் விட்டுக்கொண்டிருந்தது, இடம் நூறு மீற்றர் தள்ளிக் காட்டும். கிளின்டன் ஒரு கட்டளை போட்டதும் சரியானது. சுட வேண்டியதே இல்லை, பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு வகைச் செய்மதி. படம் எடுப்பவை.

2008 செப்டம்பரில், உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், இலங்கை அரசு சொல்லி ஐ.நா. நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. வெளிப் பத்திரிகையாளர் உள்ளே வர முடியாது. அப்போது எனக்குப் பதின்ம வயது. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே அந்த மணல் துண்டில் நாங்கள் இருந்தோம். தலைக்குமேல் வண்டு சுற்றும், அந்த ஆளில்லா விமானத்தின் இரைச்சல் எல்லாருக்கும் பழக்கம். வண்டு வந்தால் பின்னால் செல் (பீரங்கிக் குண்டு) வரும் என்று தெரியும். அதற்கும் எத்தனையோ கிலோமீற்றர் மேலே வேறு கண்கள் போய்வந்துகொண்டிருந்தன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தப் படங்களைப் பிறகுதான் பார்த்தேன். ஐ.நா.வின் செய்மதி ஆய்வுப் பிரிவான யுனோசற் தயாரித்த ஆய்வு ஒன்று 2009 ஏப்ரல்-மே வாக்கில் வெளியே கசிந்தது. ஏப்ரல் 27 அன்று கனரக ஆயுதப் பாவனையை நிறுத்தியதாக அரசு அறிவித்தது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் மே 6, மே 10 ஆகிய இரண்டு நாட்களின் வணிகச் செய்மதிப் படங்களை ஒப்பிட்டது. நாலு நாள் இடைவெளியில் கொட்டில்கள் நிறைந்திருந்த இடங்கள் வெறுமையாகியிருந்ததையும், குழிகளையும், புதைகுழி வரிசைகளையும் அது அடையாளம் கண்டது. 2011 இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் செய்மதிப் படங்களைச் சான்றாக எடுத்தது.

அந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய அரை மீற்றர். ஆகவே ஆள் தெரியாது. தறப்பாள் தெரியும். வெள்ளையும் நீலமுமாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கடற்கரை ஓரமாக நெருக்கம் கூடிக்கொண்டே போகும். பங்கருக்கு மேல் நாங்கள் கட்டியிருந்த தறப்பாளும் அதற்குள் இருக்கும், எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் படங்கள் ஒரு செல்லையும் நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் "அங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாமல் செய்தவற்றில் அவையும் ஒன்று.

அந்தக் காலத்து வணிகப் படச் செய்மதிகளில் குவிக்பேர்ட் சுமார் 450 கிலோமீற்றரில் சுற்றியது, வேர்ல்ட்வியூ-1 சுமார் 500 கிலோமீற்றரில். ரஷ்யா 2021 இல் துண்டு தூவியது 480 கிலோமீற்றரில். அதே தெரு.

சுடாமலே கண்ணைக் கட்டும் வழிகளும் உண்டு. 2001 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானில் குண்டு விழத் தொடங்கியபோது, இக்கோனோஸ் செய்மதி எடுக்கும் அந்நாட்டுப் படங்கள் அனைத்தின் உரிமையையும் அமெரிக்க அரசு காசு கொடுத்து வாங்கிவிட்டது. இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பகுதிகளைத் துல்லியமாகப் படம் எடுத்து விற்க அமெரிக்க நிறுவனங்களுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது, 2020 இல்தான் அது தளர்ந்தது. இதையெல்லாம் தடுக்க எந்த வரைவும் மேசையில் இல்லை. பேச்சு பெரும்பாலும் விண்வெளிக் குப்பையைப் பற்றித்தான். உடைந்த துண்டு தங்கள் செய்மதிகளில் பட்டுவிடும் என்பதுதான் பெரிய நாடுகளின் கவலை. குப்பை வராமல் ஒரு செய்மதியைக் குருடாக்கினால், 155 நாடுகள் ஆதரித்த அந்தத் தடைக்குள் அது வராது.

அதைவிடப் புதிய விடயம் ஒன்று. 2022 ஒக்டோபரில் ஐ.நா.வில் ரஷ்யப் பிரதிநிதி, போரில் பயன்படும் வணிகச் செய்மதிகள் பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்றார். உக்ரைனுக்கு உதவிய மேற்கத்தேய நிறுவனங்களை மனதில் வைத்துச் சொன்னது. அவர் சொன்னதில் சட்ட நியாயம் கொஞ்சமும் இல்லை என்று தள்ளிவிட முடியாது, ஒரே படம் மனித உரிமை ஆய்வாளருக்கும் போகும், பீரங்கிக்காரனுக்கும் போகும். ஆனால் முள்ளிவாய்க்காலைக் கண்டது வணிகச் செய்மதிகள்தான். அவற்றை இலக்கு என்று ஏற்றுக்கொண்டால், முற்றுகைக்குள் மாட்டும் அடுத்த சனத்தின் படம் யாரிடமும் இருக்காது.

விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தை ஐ.நா.வில் நீண்ட காலமாக ஆண்டுதோறும் கொண்டுவருவது எகிப்தும் இலங்கையும்தான், இது இங்கே பலருக்குத் தெரியாது. ஐ.நா. விண்வெளி அலுவலகத்துக்குத் தலைமை தாங்கிய நந்தசிறி ஜாசெந்துலியனவும் இலங்கையர். இந்த விடயத்தில் கொழும்பின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. படம் எடுக்கும் செய்மதிகளைப் போர்க்காலத்திலும் குருடாக்கக் கூடாது என்று ஒரு பந்தியை அந்தத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 2009 ஐ நினைத்தால் கொழும்பு அதை எழுதுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை வாசிக்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம், 2022 டிசம்பரில் இந்தியா ஏன் வாக்களிக்காமல் ஒதுங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் கீழே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.