பிரேக் போட்டும் டிராலி விலகியது ஏன்?

வணக்கம் அம்மா. சென்னை மருத்துவமனையில் அப்பாவைக் கட்டிலுக்கு மாற்றும்போது, பிரேக் போட்டிருந்தும் டிராலி விலகியது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே பதறியது.

பல டிராலிகளில் ஒரே பெடலுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒரு பக்கம் அழுத்தினால் பிரேக். நடுவில் சக்கரங்கள் எப்பக்கமும் சுழலும். மறுபக்கம் அழுத்தினால் வண்டி நேராக ஓடுவதற்கான பூட்டு. இந்தக் கடைசி நிலையைத்தான் பிரேக் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பழைய வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் தனி பிரேக் இருக்கும். எல்லாவற்றையும் மிதிக்க வேண்டும். மிதித்தபின் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அப்பாவைத் தூக்கவே விடாதீர்கள். கட்டில் சக்கரங்களையும் பூட்டச் சொல்லுங்கள்.

மாற்றும்போது டிராலி கட்டிலைவிடச் சற்றே உயரமாக இருந்தால் உடல் எளிதாகச் சறுக்கி வரும். தாழ்த்துமுன் அடியில் குனிந்து பாருங்கள்: ஆக்சிஜன் சிலிண்டர், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, யாராவது ஒருவரின் கால்.

சாய்தளத்தில் ஏறினாலும் இறங்கினாலும் தலை மேட்டுப் பக்கமே இருக்கட்டும், இருவர் பிடிக்கட்டும். பக்கக் கம்பிகளை ஏற்றியதும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். செவிலியர் வரும்வரை காத்திருக்கச் சொல்வது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.