ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'டு' சேர்ந்த வினை ஏன் வருகிறது?

'எ புக் டு ரீட்' என்றால் படிக்க ஒரு புத்தகம். பின்னால் வரும் 'டு ரீட்', அந்தப் புத்தகம் எதற்கு என்று சொல்கிறது. தமிழில் விளக்கம் முன்னே வரும். ஆங்கிலத்திலோ ஒற்றைச்சொல் அடைமொழிதான் பெரும்பாலும் முன்னே நிற்கும். தொடராக நீண்டால், ரயில் இன்ஜினுக்குப் பின்னால் பெட்டி கோர்ப்பதுபோல, பின்னால் போய்விடும்.

'எ டிசிஷன் டு லீவ்', அதாவது கிளம்பும் முடிவு, வேறு வகை. 'டிசைட் டு லீவ்' என்று 'டு' சேர்த்துக்கொள்ளும் வினையின் பழக்கம் அதன் பெயர்ச்சொல்லுக்கும் வந்துவிடுகிறது. பிளான், பிராமிஸ், ரெஃப்யூசல் (மறுப்பு) எல்லாம் இந்தக் குடும்பமே.

பலரும் தடுமாறுவது நாற்காலியில்தான்: 'எ சேர் டு சிட் ஆன்'. நாற்காலியின் மேல்தானே உட்காருகிறோம்? அந்த 'ஆன்' விடுபடக்கூடாது.

முழுமையாக இருக்கட்டும் என்று 'எ புக் டு ரீட் இட்' என எழுதுவார்கள். அது பிழை, படிக்கப்படும் பொருளாகப் புத்தகமே முன்னால் நிற்கும்போது 'இட்' அதே பொருளை இரண்டாம் முறை சொல்கிறது.